சுயேச்சையாக நிற்பதும் ஜெயிப்பதும் அதற்குப் பிறகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, நம்ம பக்கத்துல ஒருத்தர் சுயேச்சையா நிக்கறாராம், ஜெயிப்பாரா?" என்று ஒருவர் கேட்பார். "நானே நிக்கலாம்னு இருக்கேன், எவ்வளவு ஆகும்?" என்பார் இன்னொருவர். ஒரு முறை சுயேச்சை ஒருவருக்காக வாக்குச்சாவடியில் முகவராக உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இந்தக் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் சட்டமன்றத் தேர்தலைப் பற்றித்தான்.

சுயேச்சை என்று யாரைச் சொல்கிறோம்?

எந்தக் கட்சியும் 'இவர் எங்கள் வேட்பாளர்' என்று படிவம் ஏ, படிவம் பி இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுக்காத ஆளை. கொள்கையும் தனித்தன்மையும் சட்டத்தின் கணக்கில் வராது. அந்தத் தாள் கையில் இருந்தால் கட்சி வேட்பாளர், இல்லாவிட்டால் சுயேச்சை.

கட்சியின் உயிரே அந்தத் தாளில்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1957ல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோது அதற்கு அங்கீகாரம் கிடையாது. காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி என்று 15 பேர் ஜெயித்தார்கள். தேர்தல் ஆவணங்களில் அவர்கள் சுயேச்சைகள். பத்தே வருடத்தில் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

நிற்க என்ன தகுதி வேண்டும்? எவ்வளவு கட்ட வேண்டும்?

25 வயது முடிந்திருக்க வேண்டும். மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எந்தத் தொகுதியில் நிற்கிறீர்களோ அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000.

பணம் புரட்டுவதுதான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்டம் முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்து பேர் வேண்டும், பத்து பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். 'பத்து பேர்தானே' என்று தோன்றும். ஒவ்வொருவருடைய பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு தொகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் அந்தக் கையெழுத்து செல்லாது. கைநாட்டு வைப்பவராக இருந்தால் அதிகாரி முன்னால் வந்து வைக்க வேண்டும். மனுத் தாக்கலின்போது வேட்பாளரோடு நாலு பேர்தான் உள்ளே போகலாம் என்பதால், மீதிப் பேர் வெளியே மரத்தடியில் நிற்பார்கள். ஒருவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். கடைசி நாள் மதியம் 3 மணிக்குக் கதவு சாத்தும்போது இப்படி எட்டு கையெழுத்தோடு நிற்பவர்கள் உண்டு.

அடுத்தது படிவம் 26, அதாவது சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரம். இதில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது. சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். கோடு போட்டு விட்டுவிட்டு, அதிகாரி நோட்டீஸ் கொடுத்த பிறகும் நிரப்பாமல் இருந்தால் பரிசீலனையில் மனு தள்ளுபடியாகும். பணக்கார வேட்பாளருக்கு இதைப் பார்த்துக்கொள்ள வக்கீல் இருப்பார். சுயேச்சையோ ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே நிரப்புவார்.

பத்து பேர் கையெழுத்து எதற்கு? இது அநியாயம் இல்லையா?

அநியாயமா இல்லையா என்பதற்கு முன் மொடக்குறிச்சி கதையைச் சொல்ல வேண்டும். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்தின் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று காட்டுவதற்காகக் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். அதே வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள்.

அப்போது சட்டமன்ற டெபாசிட் வெறும் 250 ரூபாய். அந்த வருடமே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி அதை 5,000 ஆக்கினார்கள், பின்னால் 10,000 ஆனது. பத்து முன்மொழிபவர்கள் விதியும், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தன. இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் சுயேச்சை ஒருவர் இறந்துபோனாலும் அந்தத் தொகுதியின் தேர்தல் நின்றுபோகும். இப்போது அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் இறந்தால் மட்டும்தான் வாக்குப்பதிவைத் தள்ளிவைப்பார்கள். என் கணக்கில், பத்து கையெழுத்து என்பது நியாயமான வடிகட்டிதான். சின்ன வேட்பாளர்களை உண்மையில் நசுக்குவது அதற்குப் பிறகு வருபவை.

டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும்?

செல்லுபடியான மொத்த வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால். 1,80,000 வாக்குகள் பதிவானால் 30,000ஐத் தாண்ட வேண்டும். பெரும்பாலான சுயேச்சைகளுக்கு அது வானத்து நிலா.

சின்னம் எப்படிக் கிடைக்கும்? நான் கேட்பது கிடைக்குமா?

தேர்தல் ஆணையம் சுதந்திரச் சின்னங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதிலிருந்து மூன்றை விருப்ப வரிசைப்படி மனுவிலேயே எழுத வேண்டும். ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால், பதிவு பெற்ற ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு முன்னுரிமை. சுயேச்சைகளுக்குள் போட்டி என்றால் குலுக்கல்.

சிக்கல் சின்னம் கைக்கு வரும் தேதியில் இருக்கிறது. வாபஸ் வாங்கும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். அதிலிருந்து வாக்குப்பதிவுக்குச் சட்டப்படி குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும், நடப்பில் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். இரட்டை இலையும் உதயசூரியனும் பல தலைமுறையாகச் சுவரில் இருக்கின்றன. உங்கள் தையல் மெஷினையோ கிரிக்கெட் மட்டையையோ இரண்டரை லட்சம் பேர் மனதில் இரண்டு வாரத்தில் பதியவைக்க வேண்டும்.

முடியாதது என்று இல்லை. 2017 ஆர்.கே.நகர்தான் அதற்கு உதாரணம். ஜெயலலிதா மறைவால் வந்த இடைத்தேர்தல் அது. ஏப்ரலில் டி.டி.வி.தினகரன் தொப்பிச் சின்னத்தில் நின்றார், பணப்பட்டுவாடா புகாரால் தேர்தலே ரத்தானது. டிசம்பரில் மறுபடி வந்தபோது அவர் சுயேச்சை. தொப்பி கிடைக்கவில்லை, பிரஷர் குக்கர் கிடைத்தது. சில நாட்களில் தொகுதி முழுக்கக் குக்கர். முடிவு வந்தபோது அவருக்கு 89,013 வாக்குகள், ஆளும் அதிமுகவின் மதுசூதனனுக்கு 48,306, வித்தியாசம் 40,707. திமுக வேட்பாளர் 24,651 வாக்குகளோடு டெபாசிட் இழந்தார். சுயேச்சை ஒருவர் ஆளும் கட்சியைத் தோற்கடித்து, பிரதான எதிர்க்கட்சிக்கு டெபாசிட்டும் இல்லாமல் செய்தது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. அந்தத் தேர்தலைச் சுற்றி, பின்னால் பணம் தருவதாகச் சொல்லி டோக்கன் கொடுத்தார்கள் என்ற புகார்கள் எழுந்ததும் ஊரறிந்தது, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் எதிரிலும் வசதியான கட்சிகள்தான் நின்றன என்பதை மறக்கக்கூடாது.

வாக்கு இயந்திரத்தில் என் பெயர் எங்கே வரும்?

கடைசியில். முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பிறகு பதிவு பெற்ற கட்சிகள், அப்புறம் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரு வாக்கு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பொத்தான்கள். 2021ல் கரூரில் 77 பேர் நின்றார்கள். நோட்டாவோடு 78, ஆக ஐந்து இயந்திரங்கள் ஒட்டினாற்போல மேஜையில். நாலாவது இயந்திரத்தில் ஏழாவது பொத்தான் உங்களுடையது என்றால், அதைத் தேடிப் போய் அமுக்க வாக்காளருக்கு உங்கள் மேல் தனி அக்கறை வேண்டும்.

என் பெயரிலேயே இன்னும் சிலரை நிறுத்துகிறார்களே?

நிறுத்துவார்கள். உங்களைக் கண்டு யாரோ பயப்படுகிறார்கள் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில், அதே இனிஷியலோடு இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் 3.4 லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கி இரண்டாமிடம் வந்தார். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் புகைப்படம் 2015 முதல் வந்துவிட்டதால் குழப்பம் ஓரளவு குறைந்திருக்கிறது. ஓரளவுதான்.

வாக்குச்சாவடி முகவர் போட முடியாவிட்டால் என்ன ஆகும்?

தோற்றுப்போவீர்கள் என்று பட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று விளக்குகிறேன்.

ஒரு தொகுதியில் சுமார் 300 வாக்குச்சாவடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முகவர், அவர் எழுந்து போனால் உட்கார இன்னொருவர், வெளியே சிலிப் கொடுக்க இரண்டு பேர். நான் உட்கார்ந்த அன்று காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்காவது போட்டுப் பார்த்து, எண்ணி, அழித்து, பிறகு சீல் வைப்பார்கள். பெரிய கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'மாப்ளே' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்கள் கையில் பட்டியல், அதில் இறந்தவர், வெளியூர் போனவர், திருமணமாகிப் போனவர் எல்லாம் மூன்று நிறத்தில் குறித்திருந்தது. என் கையில் வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ், அதிலும் நடுவில் ஒரு பக்கம் இல்லை. பத்து மணிக்கு அவர்களுக்கு இட்லி வந்தது. எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். பகல் ஒரு மணிக்குள் அவர்கள் 'இன்னும் நம்ம ஆளுங்க 110 பேர் வரணும்' என்று துல்லியமாகச் சொல்லி ஆட்டோ அனுப்பினார்கள். என் வேட்பாளருக்கு அந்தச் சாவடியில் எத்தனை பேர் ஆதரவு என்பதே எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம், பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தில் கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கையில் அந்தச் சாவடியில் எங்களுக்கு விழுந்தது 9 வாக்கு.

கட்சி என்பது கொடியும் மேடையும் மட்டும் அல்ல, அந்த மூன்று நிறப் பட்டியல்தான் கட்சி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சுயேச்சைகள் எல்லாம் டம்மி வேட்பாளர்கள் என்கிறார்களே?

எல்லாரும் இல்லை, ஆனால் கணிசமானவர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சாவடிக்கு ஒரு முகவர், எண்ணும் மேஜைக்கு ஒரு முகவர், வாகன அனுமதி என்று தனித்தனி உரிமை உண்டு. பெரிய கட்சி ஒன்று தன் ஆட்களில் நாலு பேரைச் சுயேச்சையாக நிறுத்தினால் அதன் பலம் ஐந்து மடங்கு. எதிராளியின் சாதி வாக்கைப் பிரிக்க நிறுத்தப்படுபவர்களும் உண்டு. ஒருவர் டம்மியா என்று கண்டுபிடிக்க எளிய வழி: பிரசாரத்தின் கடைசி வாரத்தில் அவரை அவர் தெருவில் தேடிப் பாருங்கள்.

செலவு வரம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே?

காகிதத்தில் ஒன்றுதான். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், 2022ல் உயர்த்தியது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் உண்டு, அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. கட்சி பொதுவாகச் செய்யும் விளம்பரமும் ஏறாது. சுயேச்சைக்கு டீ வாங்கிக் கொடுத்தாலும் அவர் கணக்கில்தான். தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு, தினச் செலவுப் பதிவேடு, ஆணையத்தின் செலவுப் பார்வையாளர் முன் மூன்று முறை சரிபார்ப்பு என்பதெல்லாம் எல்லாருக்கும் பொது.

தமிழ்நாட்டில் சுயேச்சைகள் ஜெயித்ததே இல்லையா?

ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக ஜெயித்தார்கள். 1952ல் பழைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள், அதில் 62 பேர் சுயேச்சைகள். காங்கிரசுக்கு 152தான். பெரும்பான்மை இல்லாமலே ராஜாஜி ஆட்சி அமைத்ததற்குச் சின்னக் கட்சிகளோடு சுயேச்சைகளும் காரணம். ஜமீன்தார், மில் முதலாளி, வக்கீல், சாதிச் சங்கத் தலைவர் என்று ஊரில் ஏற்கெனவே பேரெடுத்தவர்கள் அவர்கள். கட்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

1967க்குப் பிறகு கதை மாறியது. இரண்டு கழகங்களின் கிளைகள் ஊர் ஊராக இறங்கியபின் ஊர்ப் பெரிய மனிதர்களும் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட்டார்கள். 1991ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வீசிய அலையில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தையே வாரிக்கொண்டு போனது. அந்த அலைக்கு நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இரா.தாமரைக்கனி சுயேச்சையாக ஜெயித்தார். 2001ல் ராதாபுரத்தில் மு.அப்பாவு, 2006ல் தளியில் டி.ராமச்சந்திரன். அதன்பின் 2011, 2016, 2021 என்று மூன்று பொதுத்தேர்தல்களில் 234 தொகுதிகளில் ஒரே ஒரு சுயேச்சைகூட இல்லை.

ஜெயித்தவர்களைக் கவனியுங்கள். தாமரைக்கனி அதிமுகவின் பழைய எம்.எல்.ஏ. அப்பாவு 1996ல் அதே ராதாபுரத்தில் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக ஜெயித்தவர். தினகரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொகுதிக்கு முன்பே அறிமுகமான பெயர், சீட் மறுக்கப்பட்ட அல்லது வெளியேற்றப்பட்ட கோபம், பாதிக் கட்சி கூடவே வந்துவிடும் அமைப்பு. சுயேச்சை வெற்றி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு கட்சியின் உள்வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்ததுதான். எந்தக் கட்சியிலும் இருந்திராத ஒருவர் சமூக சேவையை மட்டும் காட்டி ஜெயிப்பார் என்று என்னிடம் பந்தயம் கட்ட வருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

புதுச்சேரியில் மட்டும் எப்படி ஜெயிக்கிறார்கள்?

தொகுதியின் அளவுதான் விடை. 2021ல் புதுச்சேரியில் 30 இடங்களில் 6 சுயேச்சைகள் வென்றார்கள். ஏனாமில் கொல்லப்பள்ளி ஸ்ரீனிவாஸ் அசோக் என்ற சுயேச்சை, முதல்வர் வேட்பாளர் ரங்கசாமியையே தோற்கடித்தார். ரங்கசாமி தட்டாஞ்சாவடியிலும் நின்று ஜெயித்ததால் தப்பித்தார்.

அங்கே ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டில் சுமார் இரண்டரை லட்சம். முப்பதாயிரம் பேர் என்றால் ஒருவர் ஐந்து வருடத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வந்துவிடலாம். பன்னிரண்டாயிரம் வாக்கு வாங்கினாலே ஜெயிக்கலாம். இங்கே அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு மூன்றாமிடம்கூடச் சந்தேகம்.

ஜெயித்த பிறகு ஒரு கட்சியில் சேரலாமா?

கூடாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்றாலே கட்சிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 1985ல் அந்தச் சட்டமாக அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை சுயேச்சையையும் கட்டுகிறது, ஒருவகையில் அதிகமாகவே. சுயேச்சையாக ஜெயித்தவர் அதன்பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். கட்சி உறுப்பினர்களுக்கு 'மூன்றில் இரண்டு பங்கு பேரோடு இணைப்பு' என்ற பொந்து இருக்கிறது. ஒற்றை ஆளுக்கு அந்தப் பொந்தும் இல்லை. நியமன உறுப்பினருக்கு ஆறு மாத அவகாசம் உண்டு, சுயேச்சைக்கு ஒரு நாள்கூட இல்லை.

அதனால் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வழி பார்த்தார்கள். குஜராத்தின் வட்காமில் 2017ல் காங்கிரஸ் ஆதரவோடு சுயேச்சையாக ஜெயித்த ஜிக்னேஷ் மேவானி, 2021ல் காங்கிரஸ் மேடை ஏறினார். ஆனால் உறுப்பினர் அட்டை வாங்கவில்லை. பதவிக்காலம் முடியும்வரை காத்திருந்து 2022ல் கைச் சின்னத்தில் நின்றார். இமாச்சலில் 2024 மார்ச்சில் மூன்று சுயேச்சைகள் பாஜகவில் சேர ராஜினாமா செய்தார்கள். சபாநாயகர் அதை ஏற்க ஜூன் வரை எடுத்துக்கொண்டார். ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் மூவரில் ஹமீர்பூர்க்காரர் மட்டும் திரும்பி வந்தார், தேராவும் நாலாகரும் காங்கிரசுக்குப் போயின.

கேரளத்தில் பி.வி.அன்வர் கதை இன்னும் ருசிகரம். இடது முன்னணி ஆதரவு சுயேச்சையாக நிலம்பூரில் 2016, 2021 இரண்டிலும் ஜெயித்தவர், முன்னணியோடு முறைத்துக்கொண்டு திரிணமூல் காங்கிரஸ் பக்கம் போனார். தகுதி நீக்கம் வருமுன் 2025 ஜனவரியில் ராஜினாமா. ஜூனில் வந்த இடைத்தேர்தலில் திரிணமூல் பெயரில் அவர் போட்ட மனு தள்ளுபடியாகி, சுயேச்சை மனு மட்டும் நின்றது. பழையபடி சுயேச்சையாகவே களத்தில் நின்று தோற்றார்.

ஒரு விஷயம்: இந்தச் சட்டம் தானாக இயங்காது. யாராவது மனுக் கொடுக்க வேண்டும், சபாநாயகர் முடிவெடுக்க வேண்டும். எத்தனை நாளில் என்று அட்டவணையில் இல்லை. 2020ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் என்று ஒரு அளவு சொன்னது. தினகரன் 2018 மார்ச்சில் மேலூரில் அமமுக என்ற தன் கட்சியைத் தொடங்கினார், 2021 வரை ஆர்.கே.நகர் உறுப்பினராகவே தொடர்ந்தார். சட்டம் வேறு, அதை எடுத்து வீசும் கை வேறு.

அப்படியானால் அமைச்சர் ஆக முடியுமா?

முடியும். ஆட்சிக்கு ஆதரவு தருவதும் அமைச்சராவதும் மட்டுமே கட்சியில் சேர்ந்ததாக ஆகிவிடாது. கர்நாடகத்தில் 2008ல் பாஜக 224க்கு 110ல் நின்றபோது சுயேச்சைகள் கைகொடுத்து அமைச்சர்களானார்கள். 2010ல் ஐந்து பேர் ஆதரவை விலக்கியதும், 'நீங்கள் பாஜகவில் சேர்ந்துவிட்டவர்கள்' என்று சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். 2011ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாறாக, ஹரியானாவில் கட்சியில் சேர்ந்ததாகக் கேமரா முன்னால் அறிவித்த சுயேச்சைகளின் தகுதி நீக்கத்தை 2006ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்காரலாம், துண்டைப் போட்டுக்கொண்டு போஸ் கொடுத்தால் போச்சு.

முதலமைச்சரே ஆனவர்களும் உண்டு. ஜார்க்கண்டில் மது கோடா, 2005ல் பாஜக சீட் கொடுக்காததால் சுயேச்சையாக ஜெயித்து, 2006 செப்டம்பர் முதல் 2008 ஆகஸ்ட் வரை முதல்வர். பின்னால் நிலக்கரி ஒதுக்கீட்டு வழக்கில் 2017ல் மூன்றாண்டு தண்டனை பெற்றார். மேகாலயாவில் 2001 டிசம்பர் முதல் 2003 மார்ச் வரை எஃப்.ஏ.கோங்லம். தொங்கு சட்டசபை என்றால் ஒற்றை ஆளின் விலை ஏறும். 1967க்குப் பிறகு பெரும்பாலும் பெரும்பான்மைக்கு வேண்டிய 118ஐத் தாண்டி ஆளும் கட்சி சௌகரியமாக உட்கார்ந்திருந்த தமிழ்நாட்டில் அந்த விலை அவ்வளவாக ஏறியதில்லை.

சபைக்குள் ஒற்றை ஆளால் என்ன செய்ய முடியும்?

பேச நேரம் கட்சி பலத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள், எனவே சில நிமிடங்கள். கேள்வி நேரமும் கவன ஈர்ப்பும் அதைவிடப் பயன். கொறடா உத்தரவு கிடையாது என்பது நிஜமான சுதந்திரம்.

மாநிலங்களவைத் தேர்தலில் இன்னொரு வேடிக்கை. கட்சி எம்.எல்.ஏ. தன் வாக்கைக் கட்சி முகவரிடம் காட்டியே ஆக வேண்டும். சுயேச்சை யாரிடமும் காட்டக்கூடாது, காட்டினால் செல்லாது. தமிழ்நாட்டில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் ஒருவர் ஜெயிக்க 34 வாக்குகள் வேண்டும். 33ல் யாராவது நின்றால் அன்றைக்கு அந்தச் சுயேச்சைதான் ராஜா. குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, சுயேச்சைக்கும் அதேதான்.

தொகுதி நிதி குறைத்துக் கொடுப்பார்களா?

இல்லை. ஆண்டுக்கு 3 கோடி எல்லாத் தொகுதிக்கும் ஒன்று. சம்பளமும் ஒன்று, 2017ல் மாதம் 1.05 லட்சம் ஆக்கினார்கள். பாலம், கல்லூரி, பைபாஸ் போன்ற பெரிய வேலைகளுக்குத்தான் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அங்கே ஆளும் கட்சியின் ஒன்றியச் செயலாளர் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு முறை ஜெயித்தவர் அடுத்த முறை என்ன ஆகிறார்?

பெரும்பாலும் கட்சிக்குப் போகிறார். அப்பாவு 2006ல் திமுக சின்னத்தில் ஜெயித்தார், 2021ல் பேரவைத் தலைவரே ஆனார். தளி ராமச்சந்திரன் 2011லும் 2021லும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராக வந்தார். சுயேச்சையாகவே நீண்ட காலம் நீடிக்க வேண்டுமென்றால் கேரள மாடல்தான். கே.டி.ஜலீல் 2006ல் குட்டிப்புரத்தில் முஸ்லிம் லீக்கின் குஞ்ஞாலிக்குட்டியைத் தோற்கடித்ததிலிருந்து தொடர்ந்து நாலு முறை ஜெயித்து அமைச்சரும் ஆனார். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று நிறப் பட்டியல் போட்டது மார்க்சிஸ்ட் தோழர்கள். சுயேச்சை என்பது பெரும்பாலும் ஒரு கட்சிக்கும் இன்னொரு கட்சிக்கும் நடுவில் இருக்கும் பஸ் ஸ்டாப். அங்கேயே வீடு கட்டியவர்கள் குறைவு.

ஜெயிக்கவே மாட்டோம் என்று தெரிந்தும் நிற்பவர்கள்?

மேட்டூர் பத்மராஜன் 1988 முதல் 200 தடவைக்கு மேல் நின்று தோற்றிருக்கிறார், பிரதமர்களை எதிர்த்தும் நின்றார். 'தேர்தல் மன்னன்' என்ற பட்டம் அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு தடவை தோற்றாலும் அவர் மறுபடி மனுப் போட்டார்.

முதல் முறை நிற்க நினைக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

ஊராட்சியில். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிராம ஊராட்சிகள், அவற்றின் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஐந்து வருடம் தண்ணீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பார்த்துவிட்டுப் பிறகு பெரிய தேர்தலைப் பற்றி யோசிக்கலாம்.

தோற்றுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லையே?

இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். நூறு வாக்கு வாங்கியிருந்தாலும், ஆயிரம் ரூபாய்தான் செலவழித்திருந்தாலும் சரி. கொடுக்காவிட்டால் தேர்தல் ஆணையம் மூன்று வருடத்துக்குத் தேர்தலில் நிற்கத் தடை போடலாம். எங்கள் வேட்பாளர் இருபத்தெட்டாம் நாள் ராத்திரி எனக்குப் போன் செய்து, "தம்பி, அந்த டீக்கடை பில்லு உங்கிட்டதான இருக்கு?" என்று கேட்டார். இருந்தது.